பிடிபட்ட கட்டெறும்பு

குளக்கரை மாமரத்தில் இரண்டு எறும்புக் கூட்டங்கள் இருந்தன. வேரடியில் மண்ணைக் குடைந்து கட்டெறும்புகள் வாழ்ந்தன. உச்சியில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டிச் சிவப்பு முசுறுகள் வாழ்ந்தன. நடுக்கிளையில் மாவுப்பூச்சிகள். அவற்றின் முதுகைத் தடவினால் தேன் மாதிரி ஒரு சொட்டு வரும். அந்தச் சொட்டுக்குத்தான் போர். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

அந்த முறை கட்டெறும்புகள் தோற்று ஓடின. மந்திரி எறும்பு, காரி என்கிற சிப்பாயை நிறுத்தியது.

"நீ இந்த வேர் முடிச்சில் நில். ஒரு சிவப்பும் தாண்டக் கூடாது. எல்லாரும் உள்ளே போனதும் உன்னைக் கூப்பிடறேன்."

காரி நின்றது. எல்லாரும் உள்ளே போனார்கள். மந்திரிதான் முதலில் போனது. காரியைக் கூப்பிடவில்லை. வாசலை மண் வைத்து அடைத்துவிட்டார்கள்.

காரியின் ஒரு கால் முறிந்தது. முசுறுகள் அதை உயிரோடு பிடித்து உச்சிக்கு இழுத்துப் போயின.

அங்கே அதற்கு ஒரே வேலை. இரண்டு இலை விளிம்புகளைச் சேர்த்து வாயால் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். முசுறுகள் அவற்றை ஒட்டி முடிக்கும்வரை விடக் கூடாது. ஒட்டி முடிந்தால் அடுத்த இலை. காரியோடு இன்னும் சில கட்டெறும்புகளும் அப்படி நின்றன. வெயிலிலும் நின்றன, காற்றிலும் நின்றன. வாயைத் திறந்தால் இலை விலகும், அடி விழும். அதனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவும் முடியாது.

ஒருநாள், ஓர் இலை ஒட்டி முடிந்து வாய் ஓய்ந்த நேரத்தில், முசுறுத் தளபதி வந்தது.

"உங்க பொந்துக்கு ஆள் அனுப்பினோம். அங்கே இருக்கிற எங்க ஆளுங்களைக் கொடுங்க, உங்க ஆளுங்களைத் தர்றோம்னு கேட்டோம். உங்க மந்திரி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'எங்க படையில ஜெயிச்சவங்க உண்டு, செத்தவங்க உண்டு. பிடிபட்டவங்கன்னு யாரும் கிடையாது'ன்னுது. அப்ப நீ யாரு?"

"அதை என்கிட்ட கேட்டா?" என்றது காரி. "சரி, உங்க ஆளுங்க கதி?"

"உங்க பதில் வந்ததும் எங்க ராணியும் அதையேதான் சொல்றாங்க. முசுறு பிடிபடாதாம்."

காரிக்குச் சிரிப்பு வந்தது. ஒரே வாத்தியாரிடம் இரண்டு பேரும் பாடம் படித்திருப்பார்கள் போல. அந்தக் குளக்கரையில் எத்தனையோ போர் நடந்திருக்கிறது. ஜெயித்தவர்களுக்குக் கூத்து. செத்தவர்களுக்குப் பாட்டு. பிடிபட்டவர்களுக்கு மட்டும் பெயர்கூடக் கிடையாது. என்ன நியாயமோ!

மழைக்காலம் நெருங்கியது. காரியின் தாடை தளர்ந்தது, இலை நழுவியது. "தீனிக்குத் தண்டம், தள்ளிவிடு" என்றது தளபதி. உச்சியிலிருந்து தள்ளிவிட்டார்கள். எறும்பு எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் சாகாது. காரி நொண்டி நொண்டி வேரடிக்கு வந்தது. மழைக்கு முன்னால் பொந்துக்குள் போயாக வேண்டும். தனி எறும்பு வெளியே ஒரு மழையைத் தாங்காது.

வாசலில் மாடன் காவல் நின்றது. காரியோடு ஒரே வரிசையில் நின்று சண்டை போட்ட எறும்பு. மீசையால் காரியைத் தடவி மோந்து பார்த்தது. உடனே பின்வாங்கியது.

"முசுறு நாத்தம். போ வெளியே."

"மாடா, நான்தான் காரி."

"காரி செத்துப்போச்சு. பாட்டே பாடியாச்சு. நல்ல பாட்டு."

"பாடினவங்க என் பிணத்தைப் பார்த்தாங்களா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. மோந்து பார்த்து விடறதுதான் என் வேலை."

சத்தம் கேட்டு மந்திரி வந்தது. நன்றாகத் தின்று வயிறு பளபளத்தது.

"உயிரோட பிடிபட்டியா? ஏன் சாகலை?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நின்னேன். வாசலை அடைச்சது யாரு?"

"அது போர் தந்திரம். உனக்குப் புரியாது. இத்தனை நாள் அவங்க தீனியைத் தின்னவங்க அவங்க ஆளுதான். மாடா, விரட்டு."

போர் நடந்த அன்று ஒரு கடிகூட வாங்காத மந்திரி, ஒரு கால் முறிந்த சிப்பாயைப் பார்த்து ஏன் சாகவில்லை என்று கேட்கிறது. கேட்க எப்படி வாய் வந்தது?

அப்போதுதான் காரி அதைப் பார்த்தது. பொந்துக்குள்ளிருந்து ஒரு சிவப்பு முசுறு, குப்பையைச் சுமந்துகொண்டு நொண்டி நொண்டி வந்தது. மாடன் அதை மோந்து பார்த்தது. "போ" என்று வழி விட்டது.

காரி அதன் பின்னாலேயே குப்பைமேட்டுக்குப் போனது.

"ஏ சிவப்பு! உன்னை எப்படி விட்டான்?"

"நான் துவரை. போர்ல பிடிபட்டவன்" என்றது முசுறு. "உங்க பொந்துல குப்பை அள்ளி அள்ளி உங்க வாசனை ஏறிப்போச்சு. இங்கே எல்லாரும் வழி விடறாங்க. மேலே போனாத்தான் என் கூட்டமே என்னைக் கடிச்சுக் கொன்னுடும்."

"என் வாசனை உன் மேல இருக்கு. உன் வாசனை என் மேல இருக்கு."

"ஆமாம், கறுப்பு. உன் மேல எங்க வீட்டு வாசனை வருது. எத்தனை நாளாச்சு!" துவரை கிட்டே வந்து மோந்தது. அப்படியே நின்றது.

பிறகு இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. தலையோடு தலை, முதுகோடு முதுகு, காலோடு கால். போரில் கடித்துக் குதறிக்கொண்ட பகையாளிகள்.

"மெல்லத் தேயி. அந்தக் கால் வலிக்குது" என்றது காரி.

"நீதான் அன்னைக்கு என்னைக் கடிச்சது போல இருக்கே."

"இருக்கும். நீயும் சும்மா விட்டியா?"

ராணிகளும் மந்திரிகளும் முடியாது என்று சொன்ன கைதி மாற்றத்தைக் குப்பைமேட்டில் இரண்டு நொண்டிகள் செய்து முடித்தன.

துவரை மரமேறியது. அதைக் கூட்டுக்குள் விட்டார்களா, கடித்தார்களா என்று காரிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

காரி வாசலுக்கு வந்தது. மாடன் மோந்து பார்த்தது. முழிகள் விரிந்தன. "அட, காரி! எங்கே போயிருந்தே?" என்றது.

காரி நிற்காமல் அதைத் தாண்டியது. உள்ளே போனது.

உள்ளே படை கூடியிருந்தது. மந்திரி மேட்டில் நின்று அடுத்த போருக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தது. "காரியைப் போல் வீரமாகச் சாக யார் முன்வரிசைக்கு வருவது?"

"காரி சாகலை" என்றது காரி. கூட்டம் திரும்பியது. காரி எல்லாவற்றையும் சொன்னது. வேர் முடிச்சு, அடைத்த வாசல், வாயால் கவ்விய இலை, வந்த தூது, மந்திரி சொன்ன பதில்.

மந்திரிக்கு மீசை துடித்தது. "இது பகையாளி கட்டிவிட்ட கதை" என்றது.

முன்வரிசையில் ஒரு கிழட்டுச் சிப்பாய் கேட்டது: "ஐயா, தூது வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லுங்க."

மந்திரி மேட்டில் ஓர் அடி பின்வாங்கியது.

"நாளைக்கு நான் பிடிபட்டா, நான் யாரு?"

 கிழட்டுச் சிப்பாய் உட்கார்ந்தது. பக்கத்து எறும்பும் உட்கார்ந்தது. கடைசி வரிசைவரை எல்லாம் உட்கார்ந்தன. வாசலை விட்டுவிட்டு வந்து மாடனும் உட்கார்ந்தது.

"மேலே நம்மாளுங்க இன்னும் இலையைக் கவ்விக்கிட்டு நிக்கறாங்க" என்றது காரி. "போய்க் கேட்டுக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் போரைப் பேசலாம்."

"யார் போவது?" என்றது மந்திரி.

"இல்லைன்னு சொன்ன வாய்தான் போகணும்."

மந்திரி அன்று மரமேறியது. வாழ்நாளில் முதல் தடவை. பாதி வழியிலேயே அதற்கு மூச்சு வாங்கியது. பின்னாலேயே பொந்துக்குள் இருந்த முசுறுக் கைதிகளைக் காரி நடுக்கிளைவரை கூட்டிப் போனது. கால் முறிந்தும் அங்கே காரிதான் மந்திரிக்கு முன்னால் போய் நின்றது. தங்கள் ஆட்களைக் கண்ணால் பார்த்த முசுறுகள் கட்டெறும்புகளை விட்டன; கைதிகள் ஜோடி ஜோடியாகத் தேய்த்து வாசனையை மாற்றிக்கொண்டார்கள். மழை பிடிப்பதற்குள் எல்லாரும் அவரவர் வீடு வந்து சேர்ந்தார்கள்.

சிப்பாயைப் போருக்கு அனுப்பிவிட்டு, அவன் பிடிபட்டதும் 'இவன் எங்களவன் இல்லை' என்று கைகழுவுகிறவர்களுக்குப் படை வைத்துக்கொள்ளும் யோக்கியதை கிடையாது.