வாயில்லாப் பலகை

ஒரு காட்டில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு பெரிய இலுப்பை மரம் நின்றது. அந்த மரத்துப் பொந்தில் கொண்டையன் என்ற மரங்கொத்தி இருந்தது. மரத்தின் வேருக்கு அடியில் வளை தோண்டி ஒரு பெருச்சாளி குடியிருந்தது.

காட்டுக்குச் சேதி சொல்வது கொண்டையன்தான். வேட்டைக்காரர் வந்தால் விட்டுவிட்டுத் தட்டும். புலி இறங்கினால் படபடவென்று தட்டும். ஆற்றில் வெள்ளம் வருகிறது என்றால் மூச்சு வாங்காமல் நீளமாகத் தட்டும். காது உள்ளவர்கள் எல்லாம் கேட்டுக்கொள்வார்கள். பெருச்சாளிக்கு அந்தச் சத்தம் வேர் வழியாகவே வளைக்குள் வந்துவிடும்.

பெருச்சாளிக்குக் கண் சுகமில்லை, பிள்ளைகளே. எதிரில் நிற்பது முயலா கல்லா என்று மோந்து பார்த்துத்தான் சொல்லும். சில சமயம் கல்லிடம் நலம் விசாரித்துவிட்டுப் போய்விடும். அதனால் வேர்தான் அதற்கு எல்லாம். வேரில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் தூங்கும்.

ஒருநாள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு மந்தி மூட்டையோடு வந்தது. மரத்தடியில் மூட்டையைப் பிரித்தது. உள்ளே கண்ணாடிப் பலகைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் பூவரச இலை மாதிரி மெல்லிசு. தொட்டால் வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்குள் படமும் எழுத்தும் ஓடின.

"இது என்னப்பா, சிலேட்டா?" என்றது முயல்.

"சிலேட்டுக்குப் பேரன்," என்றது மந்தி. "மலைமேல் இருப்பவர் ஒன்று எழுதினால் அந்த நிமிஷமே உன் மடியில் தெரியும்."

மயில் ஒரு பலகையை வாங்கித் தன் தோகையைப் படம் பிடித்தது. பிறகு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. "எனக்கு இது போதும்," என்றது.

கொண்டையனுக்கு ஒரு குணம். எதைக் கண்டாலும் கொத்திப் பார்த்து எங்கே ஓட்டை என்று தேடும். பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

"கொம்பில் மாட்ட ஒரு வளையம் இல்லை. மேலே ஒரு மூடி இல்லை. தடவிப் பார்த்தால் மேடு பள்ளமும் இல்லை. என்னப்பா பலகை இது?"

மந்தி சிரித்தது. "அண்ணே, இதில் இல்லாததைச் சொல் என்றால் விடியவிடிய நானே சொல்வேன். இருப்பதைப் பாருங்கள்." சொல்லிக்கொண்டே விரலால் ஒரு தள்ளுத் தள்ளியது. பலகை முழுக்கக் கொழுத்த கட்டெறும்புகள் ஊர்ந்தன. கொண்டையன் தன்னை மறந்து ஒரு கொத்துக் கொத்தியது. அலகு கண்ணாடியில் வழுக்கியது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொண்டையனும் சிரித்தது. அதற்குமேல் அது குறை சொல்லவில்லை; தனக்கும் ஒரு பலகை வாங்கிக்கொண்டது.

அப்போதுதான் பெருச்சாளி கூட்டத்துக்குள் மெல்ல வந்தது. ஒரு பலகையை மூக்கால் தொட்டது.

"தம்பி, இது பேசுமா?"

"பேசாது அக்கா. இதற்கு வாய் வைக்கவில்லை," என்றது மந்தி. "வாய் வைத்தால் பருமன் கூடிவிடும். மெல்லிசாக இருப்பதால்தானே எல்லோரும் ஆசைப்படுகிறார்கள்."

"எனக்கு வெளிச்சம் மட்டும் புகைமாதிரி தெரிகிறது. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லையே."

"ஒருத்திக்காகப் பலகையைக் குண்டாக்கச் சொல்கிறாயா?" என்றது மயில். "பேச்சு இல்லாததால் இப்போது யாருக்கு என்ன குறைந்து போயிற்று?"

"பலபேர் கேட்டால் செய்கிறவர்கள் வைப்பார்கள்," என்றது மந்தி. "இதுவரை யாரும் கேட்கவில்லை."

"நான் கேட்டேனே," என்றது பெருச்சாளி. மெதுவாகத்தான் சொன்னது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொண்டையன் மட்டும் கிளையிலிருந்து இறங்கி வந்தது. "அக்கா, இது ஒரு குறையா? நான் எதற்கு இருக்கிறேன்? பெரிய சேதி ஏதாவது வந்தால் தட்டமாட்டேனா?"

"நீ தட்டினால் எனக்குப் பலகை எதற்கு?" என்றது பெருச்சாளி. பலகையை மந்தியின் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு, மண்ணை மோந்துகொண்டு வளைக்குப் போய்விட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும், பிள்ளைகளே. அது நல்ல பலகைதான். எங்கே பழம் பழுத்திருக்கிறது, எந்தக் குட்டையில் தண்ணீர் வற்றிவிட்டது என்று எல்லாம் அதில் தெரிந்தது. மலைமேல் இருந்த நீர்க்காகம் முன்பெல்லாம் சேதி சொல்ல அவ்வளவு தூரம் பறந்து வரும். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பியது. மாட்ட வளையம் இல்லையே, மூடி இல்லையே என்று யாரும் நினைக்கவே இல்லை. கொண்டையனே நினைக்கவில்லை.

பலகையில் இன்னொரு வசதியும் இருந்தது. சேதி வந்ததும் அதைத் தொட வேண்டும். தொட்டவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை முளைக்கும். எல்லாப் பெயருக்கும் இலை முளைத்ததும், 'எல்லோரும் பார்த்தாயிற்று' என்று அடியில் ஒரு வரி வரும்.

கொண்டையன் தட்டுவது குறைந்தது. ஒருமுறை தட்டியபோது, "இன்னுமா டொக்கு டொக்கு? நாங்கள் அப்போதே பார்த்துவிட்டோம். தூக்கம் கெடுகிறது," என்று மயில் சலித்துக்கொண்டது. கொண்டையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கழுத்து வலியும் விட்டுப்போனதால், இதுவும் சுகமாகத்தான் இருக்கிறது என்று பேசாமல் இருந்துகொண்டது.

ஒருநாள் பெருச்சாளி வளை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது.

"தம்பி, இருக்கிறாயா? உன் சத்தமே கேட்கவில்லையே."

"இங்கேதான் இருக்கிறேன் அக்கா. என்ன?"

"நேற்று வேட்டை நாய் வாசல்வரை வந்து மோந்துவிட்டுப் போனது. நான் உள்ளே இருந்ததால் பிழைத்தேன். உனக்குத் தெரியாதா?"

பலகையில் வந்ததே என்று சொல்ல வாயெடுத்த கொண்டையன் அதை விழுங்கிக்கொண்டது. "அது ஒரு நாய்தானே, அக்கா. பெரிதாக ஒன்று வந்தால் தட்டுகிறேன்."

"சரியப்பா. எனக்கு இப்போது குட்டிகள் வேறு இருக்கின்றன. இன்னும் கண் திறக்கவில்லை. கால்மாட்டில் குவிந்து கிடக்கின்றன. உன்னை நம்பித்தான் இந்த இடத்தைவிட்டு நகராமல் இருக்கிறேன்."

"நீ நிம்மதியாக இரு, அக்கா," என்றது கொண்டையன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். இங்கே வெறும் தூறல்தான். ஆனால் பலகை பளிச்சென்று ஒளிர்ந்தது. நீர்க்காகம் எழுதியிருந்தது: 'மலையில் பேய்மழை. ஆறு கரை மீறி வருகிறது. மேட்டுக்குப் போங்கள்.'

முதலில் நினைவுக்கு வந்தது பெருச்சாளிதான். அக்காவுக்கு நான் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தது. பலகையை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, மரத்தில் ஒட்டி நின்று, தட்டுவதற்காகத் தலையைப் பின்னால் இழுத்தது.

அந்த நேரம் பலகையில் இலைகள் முளைக்க ஆரம்பித்தன. முயலுக்கு முளைத்தது. மானுக்கு முளைத்தது. மயிலுக்கு முளைத்தது. கொண்டையனும் தன் பங்குக்கு அலகால் தொட்டது. அடியில் அந்த வரி வந்தது.

'எல்லோரும் பார்த்தாயிற்று.'

இழுத்த தலையைக் கொண்டையன் மெல்லக் கீழே இறக்கியது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி தட்டி என்ன என்று நினைத்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் பறந்துவிட்டது.

மேட்டில் ஒரே கூட்டம். ஒருவர்கூட வெள்ளத்தில் நனையவில்லை. மயில் வெள்ளத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. "பார்த்தீர்களா, ஒரு பலகை எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது," என்றது. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பலகை காப்பாற்றியதும் உண்மைதான்.

முயல் சுற்றிலும் பார்த்தது. "பெருச்சாளியக்காவைக் காணோமே?"

"வந்திருப்பாள்," என்றது மயில். "எல்லோரும் பார்த்தாயிற்று என்று போட்டிருக்கிறதே."

கொண்டையன் பலகையை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்தது. ஒவ்வொரு பெயருக்கும் இலை இருந்தது. பெருச்சாளியின் பெயருக்கு இலை இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே பெருச்சாளியின் பெயரே இல்லை. பலகை வாங்கியவர்களைத்தான் பலகை எண்ணியிருந்தது.

கொண்டையன் பலகையைப் போட்டது போட்டபடி பறந்தது.

இலுப்பை மரம் பாதித் தண்ணீரில் நின்றது. வேர் தெரியவில்லை. வளை இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கொண்டையன் மரத்தில் ஒட்டிக்கொண்டு தட்டியது. நீளமாக, மூச்சு வாங்காமல் தட்டியது. அலகு நுனி சிதறும்வரை தட்டியது. கேட்க வேண்டியவர் கேட்கவேண்டிய நேரம் போய்விட்டது.

தண்ணீர் வடிந்தபின், கரைக்கு அப்பால் ஒரு புதரடியில் பெருச்சாளியைக் கண்டது. உடம்பெல்லாம் சேறு. வாயில் ஒரே ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டிருந்தது. கொண்டையன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பெருச்சாளி மோந்து பார்த்துவிட்டு, குட்டியை மடியில் இறக்கியது.

"நீதானா தம்பி? உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

கொண்டையன் குட்டியின் முதுகில் இருந்த சேற்றை அலகால் ஒதுக்கியது.

"நான் வேரில் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்," என்றது பெருச்சாளி. "மண் குளிர்ந்துகொண்டே வந்தது. ஏதோ மாதிரி இருக்கிறதே, குட்டிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாமா என்று நினைத்தேன். நீ தட்டவில்லை. அதனால் ஒன்றும் இருக்காது என்று மறுபடி படுத்துவிட்டேன்."

"அக்கா, எல்லோரும் பார்த்தாயிற்று என்று பலகையில்..."

"பலகை என்ன செய்யும், பாவம்," என்றது பெருச்சாளி. "அதற்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியுமே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கொண்டையனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பெருச்சாளி குட்டியைக் கவ்விக்கொண்டு, மண்ணை மோந்து மோந்து, ஆறு இல்லாத திசையாகப் பார்த்து நடந்தது. அதன்பிறகு அந்தக் காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. மந்தி மறுபடி மூட்டையோடு வந்து இலுப்பை மரத்தடியில் பிரித்தது.

"புதுப் பலகை," என்றது. "மாட்ட வளையம் உண்டு. மூடி உண்டு. இப்போது வாயும் வைத்துவிட்டார்கள். வரும் சேதியைச் சத்தமாகப் படித்துச் சொல்லும். போன தடவை யாரோ கேட்டீர்களே, யார் அது? முதல் பலகை அவருக்குத்தான்."

முயல் தரையைப் பார்த்தது. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டது.

மந்தி பலகையைத் தொட்டது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று பலகை கணீரென்று கேட்டது.

மேலே கொண்டையன் உடைந்த அலகை மரத்தில் வைத்து, வேருக்குக் கேட்கும்படி ஒருமுறை தட்டியது.

நீதி: நமக்குத் தேவைப்படாத ஒன்று இல்லாமல் போனால் அது நமக்குக் குறையாகத் தெரியாது; அது தேவைப்படும் ஒருவரை நினைத்துப் பார்க்காமல் 'ஒரு குறையும் இல்லை' என்று சொல்லிவிடாதே.