நூலகத்தில் உரக்கக் கேட்ட கேள்வி

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்து நான்கு வயது, சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. நூலகர் செண்பகவல்லிதான் குரு. சீடர், பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நூலகத்துக்கு உதவிக்கு வந்து சேர்ந்த திரவியம் வாத்தியார். குரு, சீடர் என்பதெல்லாம் நான் சொல்வது. அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் நூலகத்துக்கு இணைய வசதியோடு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பள்ளிப் பாடம், போட்டித் தேர்வு, ஆராய்ச்சிக் கட்டுரை, வைத்தியம், சட்டம் எல்லாவற்றையும் காசில்லாமல் படிக்கலாம். நிறையத் தமிழிலேயே இருந்தது. எதை எங்கே தேடுவது என்று செண்பகவல்லி சொல்லிக் கொடுத்ததை வாத்தியார் விழுந்து விழுந்து படித்தார். ஆனால் அவரிடம் கேட்கத்தான் ஆளில்லை. ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் வாயைத் திறந்ததும், "மணி பாக்க வந்தேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

பிறகு கருத்தபாண்டி வந்தார். எதிர் டீக்கடையில் மாஸ்டர். வாத்தியாரிடம் படித்தவர்.

கருத்தபாண்டிக்குக் காசநோய். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, நடுவில் நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று நினைத்து, பயந்து நிறுத்திவிட்டார். திரும்பப் போய்க் கேட்கலாம். ஆனால் போகிற வழியில் தெரிந்தவர் யாராவது பார்த்துக் கடையில் சொல்லிவிட்டால் வேலை அன்றோடு சரி. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு டீ ஆற்றினார், கேட்டவர்களிடம் தூசி என்றார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கதை சொல்கிறவனுக்கு இந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

கூட்டமில்லாத மத்தியான நேரம். கருத்தபாண்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல் அவருக்கு.

"என்ன கருத்தபாண்டி, என்ன தேடுற? சத்தமாச் சொல்லு, நான் எடுத்துத் தாரேன்!"

நூலகத்தின் அமைதியில் அது எல்லார் காதிலும் விழுந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சும்மா... கிரிக்கெட் ஸ்கோர் சார்" என்று சொல்லிவிட்டுக் கருத்தபாண்டி எழுந்து போய்விட்டார்.

வாத்தியார் செண்பகவல்லியிடம் வந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"எல்லாமே இலவசம். சொல்லிக் குடுக்க நான் இருக்கேன். அப்புறமும் ஏன் மேடம் யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க?"

செண்பகவல்லி எழுந்து, கடைசி அலமாரி வரை நடந்து போனார். அங்கிருந்து உரக்கக் கேட்டார்.

"சார்! காலையில போன் பேசிட்டு முகமே சரியில்லாம உக்காந்திருந்தீங்களே. வீட்ல என்ன?"

பேப்பர்கள் மறுபடியும் தாழ்ந்தன.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றார் வாத்தியார். "கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சு."

செண்பகவல்லி திரும்பி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்து ஒட்ட ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் மெதுவாகச் சொன்னார்.

"மக வந்துட்டா மேடம். பெட்டியோட."

"ம்."

"இனிமே அங்க போகமாட்டாளாம்."

செண்பகவல்லி கேட்டுக்கொண்டார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"கருத்தபாண்டி கிரிக்கெட்டே பாக்கமாட்டான்."

மறுநாள் வாத்தியார் கம்ப்யூட்டர் மேஜையைத் திருப்பிப் போட்டார். இப்போது உட்காருகிறவர் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. பிறகு டீக்கடைக்குப் போனார். கிளாஸை வாங்கும்போது குரலைத் தாழ்த்தி, "மத்தியானம் நான் பின்னாடி புத்தகம் அடுக்கிட்டு இருப்பேன். அந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க" என்றார். எதற்கு, என்ன என்று கேட்கவில்லை. அவர் வாய்க்கு அது பெரிய காரியம்தான்.

கருத்தபாண்டி வந்தார். வாத்தியார் அலமாரிப் பக்கம் திரும்பியே நின்றார். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது, பார்க்கவில்லை. தட்டுகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடியும் வந்தது. கடைசியில் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது.

"சார்... ஒரு மாத்திர பேரு. இங்கிலீசுல இருக்கு. அடிக்க வரல."

வாத்தியார் போய் அடித்துக் கொடுத்தார். பக்கம் திறந்ததும் விலகப் போனவரின் கையைக் கருத்தபாண்டி பிடித்துக்கொண்டார். தமிழில் எழுதியிருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். இந்த மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை, மருந்தின் நிறம், பயந்து நிறுத்த வேண்டாம் என்று இருந்தது. கருத்தபாண்டி அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார்.

"செத்துருவேன்னு நெனச்சு நிறுத்திட்டேன் சார்."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மாத்திரைய நிறுத்தின நாளையும் சொல்லிரு. நானும் வரட்டுமா?"

"வேண்டாம் சார். நான் போயிருவேன்."

அவர் போன பிறகு வாத்தியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் பாடம் நடத்தியதில் இப்படி ஒரு நிறைவு வந்ததில்லை. நேராகச் செண்பகவல்லியின் மேஜைக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அக்கம்பக்கம் பார்த்துக் குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், கருத்தபாண்டி இன்னைக்கு என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா?"

செண்பகவல்லி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

"உங்ககிட்டதானே சார் கேட்டாரு."