பேர் எழுதாத மஞ்சள் தாள்

முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. எப்சிபா டீச்சர் எங்கள் மூன்றாம் வகுப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்வி அதிகாரி சிவசைலம் வந்து அவர் பாடம் நடத்துவதைக் கவனித்தார். ஆசிரியர்களுக்கு மார்க் போடும் மஞ்சள் தாளில் பத்துக்கு மூன்று போட்டார்.

"பொங்கலுக்குள்ள நாப்பது பிள்ளைகளும் திக்காம வாசிக்கணும். இல்லன்னா உங்களுக்கு மாறுதல்தான்."

"சரி சார். நீங்க ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க. பாத்துப் படிச்சுக்கிடுதேன்."

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சாக்பீஸை எடுத்தவர் நாற்பது நிமிஷமும் கரும்பலகையைப் பார்த்தே பேசினார். கடைசி பெஞ்சில் டீச்சர் என்னை ஒட்டி உட்கார்ந்து, அவர் மேசைமேல் வைத்திருந்த கட்டிலிருந்து எடுத்த இன்னொரு மஞ்சள் தாளை நிரப்பினார். அவருடைய பவுடர் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

மணி அடித்ததும் தாளை அதிகாரியிடம் நீட்டினார்.

பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா? இல்லை. கடைசி பெஞ்சில் கேள்வி கேட்டாரா? இல்லை. மொத்தம் பத்துக்கு இரண்டு.

"உங்களவிட மோசமா இருக்கே. யாரு இந்த வாத்தியாரு?"

"பேர் எழுதுத இடம் காலியா இருக்கு சார். நீங்கதான் எழுதணும்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதாமலே மூடினார். பிறகு கடைசி பெஞ்சுக்கு நடந்து வந்து என் முன்னால் குனிந்தார்.

"உன் பேரென்ன தாயி?"

"பேச்சியம்மா."

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி, இரண்டை அடித்துவிட்டு மூன்று போட்டார்.

அதற்குப் பிறகு மாறுதல் பேச்சே எழவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மார்க் அல்லவா.