மீசையில் ஒட்டிய சீம்பால்

குட்டிக்கென்று மடியில் இறங்கிய முதல் பாலை எந்தத் தாயாவது புற்றில் ஊற்றக் கொடுப்பாளா? செவந்தி என்ற புள்ளிமான் கொடுத்தாள். பாவம், அவளுக்கு அதுதான் தலைப்பிரசவம்.

காலையில் குட்டி பிறந்தது. அதை நக்கித் துடைத்து முடிப்பதற்குள் மூங்கில் புதரிலிருந்து ஒரு காட்டுப்பூனை வந்தது. கவ்வி வந்த தேக்கிலைத் தொன்னையைக் கீழே வைத்தது.

"பால் மஞ்சளா, பிசுபிசுன்னு இருக்கே செவந்தி. இத்தனை மாசம் மடிக்குள்ளே கிடந்த பழைய பால். குட்டிக்கு ஆகாது. மூணு நாளைக்குப் புற்றுக்கு ஊத்திடணும்."

"அதுவரைக்கும் குட்டிக்கு?"

"நாக்குல தேன் தடவு. எங்க வம்சமே அப்படி வளர்ந்ததுதான்."

"எனக்குப் பீய்ச்சத் தெரியாதே அக்கா."

"நான் எதுக்கு இருக்கேன்? நகத்தை உள்ளே இழுத்துக்கிட்டுப் பதமா அமுக்கறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. நான் புற்றுக்குப் போகும்போது நீ பின்னாடி வரக் கூடாது. சாமிக்குத்தம் ஆயிடும்."

உச்சிவெயிலுக்குள் பூனை மூன்று தடவை புற்றுக்கென்று போய்வந்தது. தேனை நக்கிய குட்டியோ நாலு காலையும் பரப்பிக்கொண்டு துவண்டு கிடந்தது. பொழுது சாய்ந்தால் சிறுத்தை தண்ணீருக்கு வரும். அதற்குள் குட்டி எழுந்து மந்தையோடு நடந்தாக வேண்டும்.

அந்த வழியாக எட்டுக் குட்டிகளோடு வந்த காட்டுப்பன்றி நின்று பார்த்தாள். "என்னடி, குட்டி நனைஞ்ச நாராட்டம் கிடக்கு? பால் கொடுத்தியா இல்லையா?"

செவந்தி நடந்ததைச் சொன்னாள்.

"புற்றுக்கா? இப்பத்தான் அதைக் கிளறிட்டு வரேன். மண்ணு காய்ஞ்சு பறக்குது. ஒரு சொட்டுப் பால் படலை. வா என்கூட, அவ பொந்தைக் காட்டறேன்."

பக்கத்திலேயே ஒரு மரப்பொந்து. உள்ளே காட்டுப்பூனை சாய்ந்து படுத்திருந்தது. நேற்றுப் பிறந்த நாலு குட்டிகள் அதன் மடியில் முட்டி மோதிக் குடித்துக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்குத் தேன் தடவலையா அக்கா?" என்றாள் செவந்தி.

"அது வந்து... எங்க பால் வேற மாதிரி."

"மீசையில என்ன மஞ்சளா?"

"மஞ்சள் பூசிக் குளிச்சேன்."

"மீசைக்கு மட்டுமா?" என்று கேட்டாள் பன்றி.

செவந்தி ஒரே ஓட்டமாகக் குட்டியிடம் வந்தாள். "எல்லாத்தையும் கறந்துட்டாளே, இனி எங்கே இருக்கும்?" என்று அழுதாள்.

"கொஞ்சம்தான் இருக்கும். அதோட வயிறும் கொஞ்சம்தான். சப்பச் சப்பத்தான் ஊறும், வாயில வை" என்று அதட்டினாள் பின்னாலேயே வந்த பன்றி.

குட்டி சப்பியது. கொஞ்சம் தூங்கியது. மறுபடி சப்பியது. பொழுது சாயும் முன் எழுந்தது, இரண்டு தடவை விழுந்தது, மூன்றாவது தடவை நின்றது. மந்தை கிளம்பும்போது அதுவும் அம்மாவை இடித்துக்கொண்டே நடந்தது.

பிறந்த பிள்ளைக்கு நோய் அண்டாமல் காக்கிற முதல் மருந்து சீம்பால்தான். அதைக் கொட்டச் சொல்கிறவர் பேச்சைக் கேட்டால் பிள்ளைதான் வாடும்.

போகிற வழியில் ஒரு நிறைமாத முயலைப் பார்த்ததும் செவந்தி நின்றாள்.

"நாளைக்கு உனக்குக் குட்டி பிறந்ததும் யாராவது தொன்னையோட வந்து நிப்பாங்க. பேச்சைக் கேட்கிறதுக்கு முன்னாடி மீசையைப் பாருடி, தங்கச்சி."