இரண்டடித் தண்டவாளம்

மலைமேல் இருந்த அந்த மடத்தில் கோவில் கட்டக் கல் வேண்டியிருந்தது. குவாரியிலிருந்து கல்லைக் கொண்டுவர, இரண்டடி அகலத்தில் ஒரு சின்னத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார் குரு. சாமியார் ஆவதற்கு முன்பு அவர் ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்.

மூத்த சீடர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிடப் பத்து வயது பெரியவர். மடத்தின் சட்டதிட்டமெல்லாம் அவர் கையில். மணி அடித்து ஒரு நிமிடம் தாண்டினால் பூசையறைக் கதவைச் சாத்திவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று கோபமாக வந்தார்.

“சாமி, நம்ம சின்னச் சீடன் இருளப்பன் இன்னைக்கும் பூசைக்குக் கால் மணி நேரம் லேட்டு. அடிவாரத்துல அம்மா படுத்த படுக்கையாம், கஞ்சி ஊட்டிட்டு வர்றானாம். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? இன்னைக்கே அவனை வெளியே அனுப்பிடுறேன்.”

“சாயங்காலம் அனுப்பலாம் வாத்தியாரே. இப்ப வளைவுல ஆணி அடிக்கணும். அளவுகோலோட வாங்க.”

நேர்ப்பாதை முழுக்க அளந்து போட்டவர் மாசிலாமணிதான். மயிரிழை பிசகவில்லை. வளைவில் குரு வைத்திருந்த தண்டவாளத்தை அளந்தவர் திடுக்கிட்டார்.

“ஒரு விரல் அகலம் கூடிப்போச்சு சாமி!”

“அப்படியா? உங்க அளவுப்படியே அடிச்சிடுங்க.”

அடித்தார். வேர்த்து விறுவிறுத்து, சரியாக இரண்டடி. குரு காலி டிராலியைத் தள்ளிவிட்டார். நேர்ப்பாதையில் அழகாக உருண்டது. வளைவில் கிறீச்சென்று இறுகி, சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி, குப்புறக் கவிழ்ந்தது. மாசிலாமணிக்கு முகம் செத்துப்போயிற்று.

குரு ஆணிகளைப் பிடுங்கினார். ஒரு விரல் நகர்த்தி அடித்தார். இருவருமாக டிராலியைத் தூக்கி வைத்துத் தள்ளினார்கள். வளைவில் சத்தமில்லாமல் திரும்பிப் போயிற்று.

“அப்ப என் அளவு தப்பா சாமி?”

“அளவு சரிதான். இந்த இடத்துல வண்டி திரும்புது.”

மாசிலாமணி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், “இருளப்பன் இருக்கட்டும்,” என்றார். ஆனாலும் வாத்தியார் புத்தி விடவில்லை.

“நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்களே சாமி. எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கிறதா?”

குரு சம்மட்டியைக் கீழே வைத்தார்.

“நேர்ப்பாதையில ஒரு விரல் இடம் விட்டா வண்டி ஆடும். வளைவுலயே மூணு விரல் விட்டுப் பாருங்க, சக்கரம் உள்ளே விழுந்துடும்.”