அப்புறம் பார்த்த நாய்

கொடைக்கானல் ஏரிக்குப் போகிற வழியில் ஒரு ஓட்டுக்கூரை லாட்ஜ். அதன் மேனேஜர் செவந்தியப்பன், ஒன்பதாம் வகுப்பில் தான் எடுத்த இங்கிலீஷ் மார்க்கை நினைத்துத் தானே சிரித்துக்கொள்கிறவர். ரூம்பாய்கள் மாயழகுவுக்கும் உத்தண்டிக்கும் அந்த மார்க்கும் கிடையாது. ஆகவே அங்கே அவர்தான் பண்டிதர்.

"நாளைக்கு ஒரு வெள்ளைக்காரம்மா வருது. அது மனசு கோணுச்சுன்னா, லாட்ஜை மூடிட்டு காளான் வளர்க்கப் போறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். காளானுக்கு மேனேஜர் எதற்கு?

செவந்தியப்பன் உடனே ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கினார். 'லுக் என்றால் பார்' என்ற முதல் வரியோடு மூடிவைத்தார்.

"நம்ம மூளைக்கு இதுக்கு மேல ஏறாதுடா. மிச்சமெல்லாம் கூட ஒட்டிக்கிற குட்டி வார்த்தைங்கதான். சேத்துக்கிட்டா ஆச்சு."

வெள்ளைக்காரம்மா ஒரு பழுப்பு நாயோடு வந்தார். "லுக் ஆஃப்டர் மை டாக்" என்று அதை வராந்தாவில் விட்டுவிட்டுப் படகு விடப் போனார்.

"லுக்குன்னா பாரு. ஆஃப்டர்னா அப்புறம். நாயை அப்புறமா பாக்கணும்."

"இப்ப பாத்தா என்னண்ணே?" என்றான் மாயழகு.

"அப்ப அது ஆஃப்டர் ஆகாதுடா."

மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். பின்னால் கேட் கிறீச்சிட்டது.

"அண்ணே, கேட் சத்தம்."

"கேட்டுக்க. கேக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லலை."

திரும்பி வந்த அம்மா நாயைக் காணாமல் அழுதுவிட்டார். "லுக் ஃபார் ஹிம்!"

செவந்தியப்பனுக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் அர்த்தம் முக்கியம். "ஃபார்னா அவனுக்காக. நாய் இருந்தா எதைப் பாக்குமோ, அதை நாம பாக்கணும்."

"நாய் எதைண்ணே பாக்கும்?"

உத்தண்டி ஆழ்ந்து யோசித்தான். "கறிக்கடையை."

மூவரும் போய்க் கறிக்கடை முன்னால் குத்த வைத்து, தொங்குகிற தொடையையே பார்த்தார்கள். பக்கத்தில் யாரோ இடித்தார்கள். "தள்ளி உக்காருப்பா" என்றார் செவந்தியப்பன்.

"அண்ணே, இடிக்கிறது நாய்ண்ணே. பாக்கலாமா?"

"அப்புறம் ஆயிடுச்சு. தாராளமா பாரு."

லாட்ஜுக்குத் திரும்பி வந்த நாயைக் கட்டிக்கொண்ட அம்மா செவந்தியப்பனைக் கும்பிட்டார். "ஐ லுக் அப் டு யூ!"

"என்னய்யா சொல்லுது?" என்றார் அங்கே வந்து நின்ற முதலாளி.

"மேல பாக்குதாம். மாடி ரூம் கேக்குது."

லாட்ஜுக்கு மாடியே கிடையாது. முதலாளிக்கு முகம் தொங்கிப்போயிற்று. "இருந்தாலும் அது மனசு கோணக் கூடாதுய்யா."

டீ குடித்துவிட்டு வந்த அம்மா, ரூமில் கட்டிலைக் காணாமல் வெளியே ஓடி வந்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது. செவந்தியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாகச் சொந்தமாக இங்கிலீஷ் பேசினார்.

"லுக் அப்!"

அம்மா அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக்கூரை மேல் கட்டில், கட்டில் மேல் நாய், நாய்க்குக் குடை பிடித்தபடி உத்தண்டி.