கடுவன் பிடுங்கிக் குடித்த துளி

உடம்புக்குள் இருப்பவை எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடுவன், நல்லான் என்று இரண்டு வெள்ளணுக்கள் குடலுக்குக் காவல் வேலை தேடி வந்தார்கள். அண்ணன் தம்பிகள். இருவர் கையிலும் ஈட்டி இருந்தது. யாரைக் குத்துவது என்றுதான் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவள் கிளையம்மா. மரக்கிளைகள்போல உடம்பெல்லாம் கைகள் உள்ளவள். குடல் சுவரோரம் நின்று, வருகிற எல்லாவற்றிலிருந்தும் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுப்பாள். அந்தத் துணுக்கைத் தொட்ட பிறகுதான் எதைக் குத்துவது என்று புதிய காவலாளுக்குத் தெரியும்; அப்போதுதான் வேலை.

அன்று சோற்றோடு கேரட்டும் பப்பாளியும் வந்திருந்தன. அவற்றின் சத்தைத் தனக்குள் வாங்கிக் காய்ச்சி, ஒரே ஒரு துளியாக்கினாள் கிளையம்மா.

"நல்லான், இங்க வாப்பா. இது உனக்கு."

கடுவனுக்கு நெஞ்சு எரிந்தது. பிறந்த இடத்திலும் இப்படித்தான். எல்லோரும் தம்பியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தன்னிடம் என்ன குறை? அந்தத் துளி ஈட்டிக்கு வலுவூட்டும் மருந்து என்று அவனாகவே முடிவு கட்டினான்.

"மூத்தவன் நான் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா அத்தை?"

"உனக்கும் வேலை இருக்குடா. கொஞ்சம் பொறு."

"மிச்சம் மீதிதான் எனக்கா?"

பாய்ந்து துளியைப் பிடுங்கி விழுங்கினான்.

"ஐயோ, அது சண்டை போடுறவனுக்கு இல்லடா," என்று பதறினாள் கிளையம்மா. "சண்டையை நிறுத்துறவனுக்கு!"

அதற்குள் கடுவனின் ஈட்டி மெழுகாக உருகி ஒழுகிவிட்டது. துளி கிடைக்காத நல்லானோ, அவள் கையிலிருந்து சிதறிய சோற்றுத் துணுக்கைத் தொட்டுவிட்டான். "இதுதான் பகையா? விடமாட்டேன்!" என்று பருக்கை பருக்கையாகக் குத்தினான். குடல் சுவர் கிழிந்தது, சிவந்து வீங்கியது. இன்னும் குத்தினால் குடலே மிஞ்சாது.

"அடிடா சிங்கம்!" என்று மற்றக் காவலாட்கள் கூவினார்கள். தனக்கு வரவேண்டிய கூச்சல் என்று கடுவன் நினைத்தான். குத்தட்டும், குத்திக் குத்திக் கெட்டுப்போகட்டும் என்றும் நினைத்தான். ஒரு கணம்தான் நினைத்தானா? அவனுக்கே நிச்சயமில்லை.

பிறகு போய்த் தம்பியின் தோளில் கை வைத்தான். "போதும்டா. அது பகை இல்லை, சோறு."

துளி குடித்தவனின் கை பட்டதும் நல்லானின் வெறி வடிந்தது.

"பாத்தியா, சிங்கம் தானாவே நிறுத்திட்டான். என்ன பெருந்தன்மை!" என்றான் ஒருவன்.

கடுவன் தம்பியின் தோளிலிருந்து கையை எடுத்தான்.

கேரட்டின் சத்து குடலில் சில வெள்ளணுக்களைச் சண்டையை அடக்குகிறவர்களாக மாற்றுவதும், உண்ட சோற்றோடு உடம்பு சண்டை போடாமல் இருப்பதும் அன்றைக்கு வந்த வழக்கம். சண்டை போட்டவன் பெயரை எல்லோரும் சொல்ல, கையைப் பிடித்து நிறுத்தியவன் பெயரை யாரும் கேட்காததும் அன்றைக்கு வந்ததுதான்.